இந்தியா, வங்கதேசம் பிராட்பேண்ட் ஒப்பீடு: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். தருமபுரியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். வீட்டுக்குக் கேபிளில் வரும் இணையத்தை இரு நாடுகளிலும் ஒப்பிடுகிறேன். 100 பேருக்கு எத்தனை இணைப்பு என்று பார்த்தால் வங்கதேசம் நம்மைவிட முன்னால் நிற்கிறது. 2021-இல் அங்கே 5 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 500 டாக்கா (அந்நாட்டுப் பணம்) என்று நாடு முழுக்க ஒரே விலை வைத்தார்கள். இங்கே 2016-இல் ஜியோ வந்த பிறகு மொபைல் டேட்டாவே போதும் என்றாகிவிட்டது. சரி, அது புரிகிறது.

குழப்பம் கணக்கில்தான். பென்னாகரம் பக்கம் எங்கள் தெருவில் ஒரே ஒரு ஃபைபர் லைன். வைஃபை பாஸ்வேர்டு நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். கணக்கில் அது ஒரே இணைப்பு! தலைக்கு வகுக்காமல் வீட்டுக்கு வகுக்கலாமா? அப்புறம், ஐடியூ (ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு) 256 கேபிபிஎஸ்ஸையே பிராட்பேண்ட் என்கிறது. நம் தொலைத்தொடர்புத் துறை 2023-இல் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் ஆக்கிவிட்டது. எதை எடுப்பது? இதில் வேலை செய்தவர்கள் சொல்லுங்களேன்.