காலண்டருக்குப் படம் கேட்கிறார்கள், என்ன விலை சொல்வது?

நாங்குநேரிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுவேன். அங்கே பறவைகள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டியிருக்கும், தெருவில் நின்றே எடுக்கலாம். படம் விற்கும் இணையதளம் ஒன்றில் இரண்டு வருடத்தில் 140 படம் ஏற்றினேன். சேர்ந்தது மூன்றே முக்கால் டாலர். 25 டாலர் ஆனால்தான் கையில் தருவார்களாம். என் மகன் கல்யாணத்துக்குள் வந்துவிடும். அவனுக்கு இப்போது நாலு வயது.

இப்போது ஒரு நகைக்கடையில், மாதக் காலண்டருக்கு என் சங்குவளை நாரை படத்தைக் கேட்கிறார்கள். 2000 பிரதி. "உங்க பேரைக் கீழே போட்டுடுறோம்" என்கிறார் மேலாளர். பணம் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? எவ்வளவு கேட்கலாம்?

பனங்காடன்:
தம்பி, கூச்சப்படாமல் கேளுங்கள். அச்சகத்துக்கும் பேப்பருக்கும் கொடுக்கிறவர்கள்தானே. என் முதல் படத்தை நானும் பேருக்காகத்தான் கொடுத்தேன். ஒரு ஜவுளிக்கடை. கூழைக்கடாவின் அலகுப் பை மேலேயே கடையின் போன் நம்பரை அடித்திருந்தார்கள். என் பேர் மூலையில், வெள்ளைத் தண்ணீர் மேல் வெள்ளை எழுத்தில். அம்மாவுக்குக் காட்டக்கூட முடியவில்லை.

ஒரு படம், ஒரு வருடக் காலண்டர், அதோடு சரி என்று தாளில் எழுதி வாங்குங்கள். நீங்களாக எடுத்து வைத்திருந்த படத்துக்கு உரிமை உங்களுடையது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 வருடம். ஆனால் அவர்களே காசு கொடுத்து "போய் எடுத்துட்டு வா" என்று அனுப்பினால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை அவர்களுக்குப் போய்விடும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விலை? நான் 2000 ரூபாய்க்குக் கீழே இறங்குவதில்லை, உங்கள் ஊர் நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அளவு. 24 மெகாபிக்சல் முழுப்படம் என்றால் 6000க்கு 4000 புள்ளி. அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 20 அங்குல அகலம் வரை சுத்தமாக வரும். பறவை தூரத்தில் இருந்தது என்று வெட்டி வெட்டி 2100 புள்ளிக்குக் கொண்டுவந்திருந்தால் 7 அங்குலம்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பவே அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இன்னொன்று, ஐப்பசியில் கேட்கிறார்கள் என்றால் அவசரத்தில் இருக்கிறார்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிடும். அடுத்த தடவை பங்குனியிலேயே அச்சகப் பக்கம் படத்தோடு போய்ப் பாருங்கள். மயில் போகும், கிளி ஜோடி போகும். ஆந்தையைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து எடுத்த கூகைப் படம் என்னிடம் இருக்கிறது. என் வாழ்நாளிலேயே நல்ல படம் அதுதான். பார்த்தவர் எல்லோரும் "பிரமாதம் சார், ஆனா வேண்டாம்" என்றார்கள்.

குளத்தங்கரை:
விலை பற்றி எனக்குத் தெரியாது, அண்ணன் சொன்னது சரியாக இருக்கும். கூட்டுப் படமா அது? உச்சிவெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்து நிற்கும். அந்தக் கோலத்தை எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நீங்கள் தெருவிலிருந்து எடுப்பது நல்லது. போன வருடம் ஒருவர் மொட்டைமாடி ஏறி, கூட்டுக்கு நேராகக் கேமராவை நீட்டினார். தாய் எழும்பிப் போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் காகம் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கூட்டைக் கிட்டே போய் எடுத்த படத்தைக் காலண்டரில் பார்த்தால், அடுத்த சீசனில் பத்துப் பேர் ஏணியோடு வருவார்கள்.

நாங்குநேரிக்காரன்:
இருவருக்கும் நன்றி. தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எடுத்ததுதான் அக்கா, பயப்படாதீர்கள். அண்ணே, 2500 கேட்டேன். மேலாளர் முதலாளியிடம் போனார், வந்தார், 1500 என்றார். 1800க்கும் பத்துக் காலண்டருக்கும் முடிந்தது. தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இப்போது புதுச் சிக்கல். நாரை இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. கடைப் பெயர் வலப்பக்கம் வருகிறதாம், "பறவை நம்ம கடைக்கு முதுகு காட்டக் கூடாது, திருப்பிப் போடுங்க" என்கிறார் முதலாளி.

பனங்காடன்:
திருப்பிக் கொடுங்கள், அதில் என்ன. ஒரு சொடுக்குதானே.

நாங்குநேரிக்காரன்:
திருப்பினேன் அண்ணே. பின்னால் சுவரில் இருக்கிற "ஊராட்சி" எழுத்தும் திரும்பிக்கொண்டது.