டாக்டரிடம் சொல்லாத டப்பா: சேலத்து அனுபவங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து:

நான் அம்மாப்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். மூலிகைப் பொடி, லேகியம், சத்து மாத்திரை என்று ஏதாவது ஒன்று இல்லாத வீடு நம் ஊரில் இல்லை. அவற்றால் கிடைத்த நன்மையோ தொந்தரவோ, உங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். யார் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் கடைக்கு மாதம் தவறாமல் வருகிற ஓர் அம்மா, நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர், வயது எழுபதைத் தொடும். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையில் ஆரம்பித்தவருக்கு அது இரண்டாயிற்று. பிறகு நீர் பிரிவதற்கான மாத்திரையும் சேர்ந்தது. அப்படியும் அழுத்தம் இறங்கவில்லை. ஒருநாள் வந்து, "ராத்திரியெல்லாம் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது கண்ணு, நல்ல தைலமாகப் பார்த்துக் கொடு" என்றார். கீழே பார்த்தேன். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது, இரு பக்கமும் கால் வீங்கியிருந்தது.

தைலம் எடுக்கவில்லை. "இந்த மாத்திரைகளைத் தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் அம்மா?" என்று கேட்டேன். வேறு மருந்து எதுவுமே கிடையாது என்று உறுதியாகச் சொன்னார். பணம் எடுப்பதற்காக மஞ்சள் பையைத் திறந்தபோது உள்ளே ஒரு காகிதப் பொட்டலம் தெரிந்தது. செவ்வாய்ப்பேட்டையில் அப்போதுதான் வாங்கிய அதிமதுரப் பொடி. தொண்டைக் கரகரப்புக்காக யாரோ சொல்லி ஆரம்பித்தது, காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி என்று நீண்ட நாளாகத் தொடர்ந்திருக்கிறது. "இது மருந்தில்லை கண்ணு, வேர்தானே" என்றார்.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருவது கிளைசிரைசின் என்ற பொருள். நம் உடம்பில் கார்டிசால் என்ற சுரப்பைச் சிறுநீரகத்தில் அடக்கி வைக்கிற ஒரு நொதி உண்டு. கிளைசிரைசின் அந்த நொதியின் வேலையைத் தடுத்துவிடுகிறது. அதனால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் குறைந்து தசை பிடிக்கும். இதோடு நீர் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். அளவு மீறிக் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதி, பொட்டலத்தையும் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு என்று வந்தது. பொடியை நிறுத்திய சில வாரங்களில் அழுத்தம் இறங்கி, மாத்திரையும் குறைந்தது. பொடி விற்றவர் கலப்படம் எதுவும் செய்யவில்லை, நல்ல சரக்குதான் கொடுத்திருந்தார். அந்த அம்மாவும் மருந்து சாப்பிடுகிறோம் என்று நினைக்கவில்லை. ஆனால் இத்தனை மாதங்களாக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போன டாக்டருக்கு இந்தப் பொட்டலத்தைப் பற்றித் தெரியவே தெரியாது. எனக்கு அதுதான் மனதைப் போட்டுக் குடைகிறது.

ஆத்தூரிலிருந்து:

எங்கள் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. ஆத்தூர், தலைவாசல் பகுதியில் பல குடும்பங்கள் மருந்துக்கூர்க்கன் பயிரிட்டிருக்கின்றன. விவசாயிகள் வாயில் அது கோலியஸ். நுனித் தண்டைக் கிள்ளி நட வேண்டும், ஐந்து ஆறு மாதத்தில் கிழங்கு தோண்டலாம். நூற்புழுவும் வேரழுகலும் வந்துவிட்டால் போட்ட முதல் போய்விடும். தோண்டிய கிழங்கைக் கழுவி, வில்லை வில்லையாக நறுக்கி, களத்தில் காயவைப்போம். காயும்போது ஒரு காரமான வாசனை எழும், அது சட்டையில் ஏறிவிட்டால் துவைத்தாலும் லேசில் போகாது. ஒப்பந்தம் போட்ட கம்பெனியின் லாரி வந்து எடைபோட்டு எடுத்துச் செல்லும். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று எங்கள் அப்பாவுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் இருந்ததில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் பொங்கலுக்கு வந்தபோது கைப்பையில் ஒரு மாத்திரைப் புட்டி இருந்தது. உடல் எடையைக் குறைப்பதற்காம், இணையத்தில் வாங்கியிருக்கிறாள். லேபிளைப் படித்தேன். போர்ஸ்கோலின், மூலப்பொருள் கோலியஸ் போர்ஸ்கோலி வேர். எங்கள் களத்தில் காய்ந்த அதே கிழங்கு! அப்பாவிடம் காட்டினேன். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைச் சாப்பிட்டால் இளைப்பார்களா? நாங்கள் இளைத்தது இதைத் தோண்டித்தான்" என்று சொல்லிவிட்டு, "பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கவலையோடு கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே தேடிப் படித்தேன். 2005இல் இரண்டு சிறிய ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. ஒன்றில் 30 ஆண்கள், இன்னொன்றில் 23 பெண்கள், இரண்டும் 12 வாரம். ஆண்களுக்கு உடல் கொழுப்பின் அளவு ஓரளவு குறைந்தது, ஆனால் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. பெண்களுக்கு எடை குறையவே இல்லை. புட்டியில் அச்சடித்திருந்த இடுப்பளவுப் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. தவிர, போர்ஸ்கோலின் ரத்தக் குழாய்களை விரியவைத்து அழுத்தத்தை இறக்கும் தன்மை உள்ளது. அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதையும் விழுங்கினால் தலைசுற்றி விழவும் வாய்ப்பிருக்கிறது. அக்கா மகளுக்கு அழுத்தம் எதுவும் இல்லை. ஆனால் அதே புட்டியிலிருந்து அவள் மாமியாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள், அவர் அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அன்றைக்கே போன் போட்டு நிறுத்தச் சொன்னோம்.

எங்கள் மண்ணில் விளைந்த பொருளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அதற்குச் சக்தி இருப்பதால்தான் கம்பெனிகள் தேடி வந்து வாங்குகின்றன. அந்தச் சக்தி யாருக்கு ஆகாது என்பதையும் புட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும்.

சூரமங்கலத்திலிருந்து:

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் ஸ்டேஷன் வரை நடப்பதையே விட்டிருந்தார். ஒரு திருவிழாக் கூட்டத்தில் வேன் போட்டு மூட்டு வலிப் பொடி விற்றவரிடம் வாங்கி வந்தார். வெள்ளை டப்பா, பெயரில்லை, முகவரியில்லை, ஒரு செல்போன் எண் மட்டும் ஒட்டியிருந்தது. சாப்பிட ஆரம்பித்த மறுநாளே வலி பாதியாகக் குறைந்தது. அந்த வாரமே மாடிப்படி ஏறினார். வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். தெருவில் நான்கு பேருக்கு அப்பாவே அந்த எண்ணைக் கொடுத்தார்.

மாதங்கள் போகப் போக அவர் முகம் உருண்டு கன்னம் உப்பியது. "அப்பா தேறிவிட்டார்" என்று உறவினர்கள் சொன்னார்கள். பசி தாங்கவில்லை, இரவு எழுந்து சோறு போட்டுச் சாப்பிட்டார். கையில் லேசாக இடித்தாலும் கருநீலமாகக் கன்றியது. கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை எகிறியது. சர்க்கரை டாக்டர் அவர் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், "ஐயா, மூட்டு வலிக்குப் பொடி ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். நாங்கள் யாரும் அதுவரை வாயைத் திறந்திருக்கவில்லை.

காலை நேர கார்டிசால் பரிசோதனை செய்தார்கள். மிகவும் குறைவு. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். கோபத்தில் டப்பாவைத் தூக்கி எறியப் போன என் தம்பியை அவர்தான் தடுத்தார். பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் அழுத்தம் சரிந்து, வாந்தி மயக்கமாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையை அவரே எழுதிக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்தார். இதைப் படிப்பவர்கள் வீட்டில் இப்படி ஒரு பொடி இருந்தால் தயவுசெய்து தானாக நிறுத்தாதீர்கள், டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

அந்த எண்ணுக்குப் போன் செய்து உள்ளே என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "பரம்பரை ரகசியம் அம்மா, வெளியே சொல்லக் கூடாது" என்றார். நான் அவரிடம் கேட்டதெல்லாம் என் அப்பா வயிற்றுக்குள் போனது என்ன என்பதைத்தான். இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஏற்காட்டிலிருந்து:

மேலே எழுதியவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் மலையில் விற்பதெல்லாம் ஏமாற்று என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்தவர்கள் ஏரிப் பக்கம் முதலில் கேட்பது முடவாட்டுக்கால் சூப். ஆட்டுக்கால் போல மயிரோடு இருப்பதால் பலர் அதைக் கிழங்கு என்கிறார்கள், உண்மையில் அது ஒரு பெரணியின் தண்டு. பாறையிலும் மரக்கிளையிலும் ஒட்டி வளரும். அடியில் சருகு போல் பழுப்பான இலை, மேலே நீண்ட பச்சை இலை என்று ஒரே செடியில் இரண்டு விதம் இருக்கும். அந்தப் பழுப்பிலைக்குள் விழும் குப்பையும் மழைநீரும்தான் அதற்குச் சாப்பாடு. என் அத்தை கத்தியை நிமிர்த்திப் பிடித்து மேல் மயிரைச் சுரண்டுவார். உள்ளே வெளிர் பச்சையாக இருக்கும். நறுக்கி அரைத்து, வடிகட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்கவிடுவார். மிளகு எங்கள் தோட்டத்தில் சவுக்கு மரத்தில் ஏறிய கொடியில் பறித்தது. குளிரில் அதைக் குடிப்பது ஒரு சுகம். முட்டி வலிக்கிறவர்களுக்கும் இதமாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சங்கடம் தருவது வேறு இரண்டு. ஒன்று, இங்கே வந்து கிலோக் கணக்கில் வாங்கிப் போய், மூட்டுத் தேய்மானத்துக்கு டாக்டர் கொடுத்த சிகிச்சையை நிறுத்திவிடுகிறவர்கள். அத்தையிடமே ஒருவர் "ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்" என்றார். அத்தை பதறி, "சாமி, இது சூப்பு. டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்" என்றுதான் சொல்லி அனுப்பினார். இரண்டாவது, கேட்பவர்கள் பெருகப் பெருகப் பாறையோடு பாறையாக முழுவதையும் உரித்தெடுக்கிறார்கள். தண்டில் ஒரு பகுதியை விட்டுவைத்தால்தான் மறுபடி துளிர்க்கும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து:

சுருக்கமாக ஒரு நல்ல அனுபவம். காய்ச்சல் காலத்தில் அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் நிலவேம்புக் குடிநீர் சூரணம் வாங்கினோம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கையும் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான். ரத்தத்தில் தட்டணுக்கள் எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ரகசியம் என்று எதையும் மறைக்கவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து:

எங்கள் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள், ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுகிறார். ஒருவர் மஞ்சளும் மிளகும் சேர்ந்த மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். தினமும் சமையலில் போடுகிற மஞ்சள்தானே, கொடுக்கலாமா?

அம்மாப்பேட்டையிலிருந்து:

கேட்டது மிகவும் நல்லது, இன்னும் ஆரம்பிக்க வேண்டாம். மஞ்சள் தூளில் அதன் முக்கியப் பொருளான குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். நீங்கள் சொல்லும் மாத்திரைகளில் பெரும்பாலும் 500 மில்லிகிராம் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமின் வகைகள். அதாவது ஒரே மாத்திரை பதினைந்து கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். அவ்வளவு மஞ்சளை எந்தக் குழம்பிலும் போட மாட்டோம். மிளகில் இருக்கும் பைப்பரின் என்ற பொருள் சேர்ந்தால் குர்குமின் உடம்பில் சேர்வது 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் தெரிந்தது. விற்பவர்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். வலிப்புக்கான பெனிட்டாய்ன் மாத்திரையில் அப்படி ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். செறிவான மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறது. வார்ஃபாரின் சாப்பிடுகிறவருக்கு அளவு மீறி ரத்தம் கசியும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

புட்டியைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இருந்தால் அது துணை உணவு, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்றும் அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண்ணும் சரக்குகளின் பெயரும் அளவும் இருக்கும். சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சூரமங்கலத்துச் சகோதரி, உங்கள் டப்பாவில் மிச்சம் இருந்தால் அதை மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகாரோடு கொடுங்கள். அப்பா அந்த எண்ணைக் கொடுத்த நான்கு வீடுகளுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள், அவர்களும் ஒரேயடியாக நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்கட்டும்.

அஸ்தம்பட்டியிலிருந்து கேட்டவரே, உங்கள் அம்மா அடுத்த முறை ரத்த உறைவுப் பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் புட்டியையும் எடுத்துப் போய் இதய டாக்டரிடம் காட்டுங்கள். குழம்பில் வழக்கமாகப் போடுகிற மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை.