ரொட்டித்தூள் சேர்க்காத மீட்லோஃப் உதிர்ந்துபோகிறது, என்ன செய்வது?

அம்மாபேட்டை வாசகி:
அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கிவிட்டு வந்ததிலிருந்து என் கணவர் அங்கே சாப்பிட்ட மீட்லோஃப்பையே கேட்டுக்கொண்டிருக்கிறார். கொத்துக்கறியை முட்டையும் ரொட்டித்தூளும் போட்டுப் பிசைந்து, நீளமாக உருட்டி ஓவனில் சுட்டு, துண்டு போட்டுப் பரிமாறுவார்களாம். அவருக்குச் சர்க்கரை நோய். மாவுச்சத்தைக் குறைக்கும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் ரொட்டித்தூளை விட்டுவிட்டு ஆட்டுக்கறி, முட்டை, பச்சை வெங்காயம் மட்டும் சேர்த்துச் செய்தேன். தட்டில் தண்ணீர் விட்டு நின்றது. கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது, கறியும் வறண்டிருந்தது. சேலத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்தே வழி சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை நண்பர்:
ரொட்டித்தூளுக்குப் பதில் பாதாம் மாவு போடுங்கள். விலைதான் கையைக் கடிக்கும்.

ஏற்காட்டுச் சமையல்காரி:
சகோதரி, பாதாம் மாவு நல்லதுதான், ஆனால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே மலையில் ஒரு தோட்ட பங்களாவில் நெடுங்காலம் சமைத்தவள் நான். மீட்லோஃப் அங்கே அடிக்கடி மேசைக்கு வரும்.

ரொட்டித்தூள் கறியை ஒட்டவைப்பதற்கு மட்டும் சேர்ப்பதல்ல. வேகும்போது கறி விடுகிற சாற்றை அதுதான் உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அரைக் கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு போடுங்கள். கோலா உருண்டைக்கு நாம் போடுவதுதானே! பொட்டுக்கடலையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து என்று பயப்பட வேண்டாம். இரண்டு கரண்டி என்பது ஏறத்தாழ 20 கிராம். அதில் மாவுச்சத்து 12 கிராம் வரும். ஐந்து பேர் பகிர்ந்து சாப்பிட்டால் ஆளுக்கு இரண்டரை கிராம்கூட ஆகாது. இதோடு ஒரு கரண்டி ஆளி விதைப் பொடியும் ஒரு முட்டையும். ஆளி விதை ஈரம் பட்டதும் கொழகொழப்பாகிச் சாற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பச்சை வெங்காயம் போட்டதால்தான் தண்ணீர் விட்டது. பொடியாக நறுக்கி, வதக்கி, நன்றாக ஆறிய பிறகு சேருங்கள். நான் எங்கள் கொல்லையில் காய்க்கும் சௌசௌவையும் துருவிப் போடுவேன். உப்புப் பிசறிச் சற்று நேரம் வைத்து, துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தால் ஒரு குவளைத் துருவல் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். அந்த அளவுக்குப் பிழிய வேண்டும். கறி மிருதுவாக இருக்கும், மாவுச்சத்தும் ஏறாது.

கறி வாங்கும்போது கொழுப்பைச் சுத்தமாக நீக்கச் சொல்லாதீர்கள். கொழுப்பே இல்லாத ஆட்டுக்கறி ஓவனில் வறண்டுதான் போகும். கொழுப்பு அதிகம் வேண்டாம் என்றால், பாதி ஆட்டுக்கறியும் பாதி கோழித் தொடைக்கறியுமாகக் கொத்தி வாங்குங்கள்.

முதலில் கறியில் உப்பை மட்டும் போட்டு ஒரு நிமிடம் பிசையுங்கள். ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் அழுத்தி, கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பதம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மற்றதையெல்லாம் போட்டு மேலோட்டமாகக் கலந்தால் போதும்; இன்னும் பிசைந்தால் கறி கட்டையாகிவிடும். மிளகைப் புதிதாக இடித்துப் போடுங்கள். எங்கள் மலையில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் படர்கிற மிளகு கிடைத்தால் அதன் வாசனையே தனி.

அச்சில் அடைக்காமல் தட்டிலேயே நீளமாகப் பிடித்து வையுங்கள். உருகும் கொழுப்பு வழிந்துவிடும். 180 டிகிரியில் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 71 டிகிரி காட்ட வேண்டும். கோழி கலந்தால் 74. எடுத்த உடனே வெட்டாதீர்கள், கால் மணி நேரம் ஆறட்டும். மேலே அவர்கள் பூசும் கெச்சப்பில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரைதான். அதற்குப் பதிலாகத் தக்காளியைச் சுண்ட வதக்கி, மிளகாய்த்தூள் சேர்த்துத் தடவுங்கள்.

அஸ்தம்பட்டி ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நானும் சர்க்கரை நோயாளிதான். ஒன்று சொல்ல வேண்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் கறியின் அளவையும் கேட்க வேண்டும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசியல் வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். முட்டைக்கோஸ் பொரியல் வையுங்கள்.

அம்மாபேட்டை வாசகி:
எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்துக் கேட்டுவிடுகிறோம். மின்சாரம் இல்லாத நேரத்தில் ஓவன் இல்லாமல் செய்ய முடியுமா அக்கா?

ஏற்காட்டுச் சமையல்காரி:
தாராளமாக. வாழையிலையில் இறுக்கிச் சுருட்டி இட்லிப் பானையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆவியில் வேகவிடுங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் நான் பத்து நிமிடம் கூடுதலாக வைப்பேன். உங்களுக்கு அது வேண்டியதில்லை. வெந்ததும் ஆறவைத்து, விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுங்கள். மீந்ததை மறுநாள் காலையில் முட்டையோடு கொடுக்கலாம்.