சிலபஸை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

புதுவரவு:
அடுத்த செமஸ்டரில் முதன்முறையாகப் புள்ளியியல் அறிமுகம் எடுக்கிறேன். கையில் இருப்பது அலகுத் தலைப்புகள் மட்டும்தான். மாணவர்களுக்கு விரிவாக ஒன்று எழுதித் தர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

சாக்பீஸ்:
கடைசியிலிருந்து. செமஸ்டர் முடிவில் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாராந்திர அட்டவணை அப்புறம். "திட்டவிலக்கத்தைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் எதை வைத்து அளப்பீர்கள்? "இரண்டு வகுப்புகளின் மதிப்பெண் பரவலைத் திட்டவிலக்கம் கொண்டு ஒப்பிடுவார்" என்று எழுதிப் பாருங்கள், பாதித் தேர்வுத்தாள் தயார். கல்வி உளவியலாளர் புளூமும் குழுவும் 1956இல் தந்த கற்றல் குறிக்கோள் வகைப்பாட்டை 2001இல் வேறொரு குழு திருத்தியபோது நிலைகளின் பெயர்களையே வினைச்சொற்களாக்கினார்கள். அதிலும் 'புரிந்துகொள்' உண்டு, ஆனால் அதற்குக் கீழே ஒப்பிடு, விளக்கு என்று செயல்களாகப் பிரித்திருப்பார்கள். (குறிக்கோள் ஐந்தாறு போதும். இருபது எழுதினால் யாரும் படிப்பதில்லை, எழுதியவர் உட்பட.)

கடைசிபெஞ்ச்:
விதிகளை எண்ணில் சொல்லுங்கள். "தாமதமானால் மதிப்பெண் குறையும்" என்றால் ஆளுக்கொரு பேரம் நடக்கும். "நாளுக்கு 10 சதவீதம் குறையும், மூன்று நாளுக்குப் பின் ஏற்பதில்லை" என்றால் பேச்சே இல்லை. ஏஐ கருவிகளை எந்த அசைன்மென்டில் பயன்படுத்தலாம், எதில் கூடாது என்பதையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

புதுவரவு:
நன்றி. அட்டவணையில் ஒரு வாரத்தைக் காலியாக விடலாமா? கேட்டால் சோம்பல் என்பார்களோ?

சாக்பீஸ்:
தாராளமாக விடுங்கள். 'மீள்பார்வை' என்று பெயர் போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நிகழ்தகவுப் பாடம் எப்படியும் அந்த வாரத்தை விழுங்கிவிடும்.