ஐந்து நிமிடம் மூன்று நிமிடமான பிறகு: வானொலி நேயர் கணக்கில் நாங்கள் பார்த்தது

பிலடெல்பியா பொறியாளர்

அமெரிக்காவில் 2025 ஜனவரி முதல் வானொலி நேயர் கணக்கின் முக்கியமான விதி ஒன்று மாறிவிட்டது. மீட்டர் வைத்து அளக்கும் பெருநகரங்களில், ஒரு கால்மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடமாவது கேட்டிருந்தால்தான் அந்தக் கால்மணி நிலையத்தின் கணக்கில் சேரும் என்று இருந்தது. நேயர் கணக்கெடுக்கும் நிறுவனமான நீல்சன் அதை மூன்று நிமிடமாகக் குறைத்தது. ஜனவரிக் கணக்கு வந்தபோது பல நிலையங்களின் சராசரி ஏறியிருந்தது. நாலு நிமிடம் கேட்டுவிட்டுக் காரை நிறுத்தி இறங்கியவர் டிசம்பர்க் கணக்கில் இல்லை, ஜனவரிக் கணக்கில் இருக்கிறார். அவர் கேட்டது என்னவோ அதே நாலு நிமிடம்தான்.

நான் ஒலிபரப்புப் பொறியாளன். காகித டைரிக் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறேன். அளக்கும் முறை மாறும்போதெல்லாம் நேயர்களில் யார் தெரிகிறார், யார் மறைகிறார் என்பதும் சேர்ந்து மாறுவதைப் பார்த்து வந்திருக்கிறேன். நிலையத்தில் வேலை பார்த்தவர்கள், விளம்பரம் விற்றவர்கள், மீட்டரை மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

டைரி என்பது வியாழனில் தொடங்கிப் புதனில் முடியும் ஒரு வாரக் குறிப்பேடு. எந்த நிலையம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வீட்டிலா காரிலா என்று கேட்பவரே எழுத வேண்டும். நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு யார் எழுதுவார்? ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள். அதனால் அந்தக் காலத்தில் எங்கள் வேலையே நிலையத்தின் பெயரை மனசில் பதிய வைப்பதுதான். பாட்டுக்குப் பாட்டு பெயர் சொல்வோம். பிடித்த அறிவிப்பாளருக்காக, இரண்டு மணி நேரம் கேட்டதை நாலு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்த நேயர்களும் இருந்தார்கள்.

2007 மார்ச்சில் பிலடெல்பியாவில் டைரி போய், நேயர் கூடவே எடுத்துச் செல்லும் மீட்டரான பிபிஎம் வந்தது. ஆர்பிட்ரான் நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்தே உருவாக்கி வந்த கருவி அது, பேஜர் அளவுக்கு இருக்கும். (ஆர்பிட்ரானை 2013-ல் நீல்சன் வாங்கிவிட்டது.) நிலையத்தில் என்கோடர் என்று ஒரு பெட்டி இருக்கும். ஒலியின் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் நிலையத்தின் அடையாளத்தையும் நேரத்தையும் அது குறியீடாகச் சேர்த்துவிடும். பக்கத்தில் ஓங்கி ஒலிக்கும் ஓசையின் மறைவில் இருப்பதால் காதுக்குத் தெரியாது, மீட்டரின் மைக் பிடித்துக்கொள்ளும்.

முதல் கணக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே அதிர்ச்சி. நிலையத்தைத் தொட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை டைரி காட்டியதைவிட மிக அதிகம். ஆனால் ஒவ்வொருவரும் கேட்கும் நேரம் மிகக் குறைவு. மனதுக்குப் பிடித்து மணிக்கணக்கில் கேட்கும் சிறு கூட்டத்தை நம்பியிருந்த நிலையங்கள் அடிவாங்கின. அறிவிப்பாளர்களின் பேச்சு சுருங்கியது. விளம்பர இடைவேளைகளைக் கால்மணி எல்லைகளின் இருபுறமும் வரும்படி நகர்த்தினார்கள். அப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் பாட்டு மிஞ்சும் என்ற கணக்கு. நேயருக்காகச் செய்த ஏற்பாடு இல்லை அது, விதிக்காகச் செய்தது.

எனக்குப் பெரிய உறுத்தல் அந்தக் குறியீட்டில்தான். அது மறைந்துகொள்ள ஏதாவது சத்தம் வேண்டும். ராக் பாட்டில் இடைவெளியே கிடையாது, ஏகப்பட்ட இடம் இருக்கும். நிதானமாகப் பேசுகிறவரின் பேச்சிலும், ஒற்றை சாக்ஸபோனிலும், வாக்கியத்துக்கு நடுவே விடும் மூச்சிலும் இடம் குறைவு. 2014-ல் வோல்டேர் என்ற பெட்டி சந்தைக்கு வந்தது. டெலோஸ் குழுமத்தின் தயாரிப்பு, விலை சுமார் 15,000 டாலர். மீட்டருக்குக் குறியீடு எவ்வளவு தெளிவாகக் கிடைக்கும் என்று திரையில் காட்டும், வேண்டுமானால் குறியீட்டைத் தூக்கியும் கொடுக்கும். அதைப் பொருத்திவிட்டு ராத்திரி முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வயதான அம்மா தன் ஊரைப் பற்றி மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். அந்த வாரத்திலேயே நாங்கள் ஒலிபரப்பிய நல்ல நிகழ்ச்சி அதுதான். திரையில் தெளிவு கீழே கிடந்தது. அடுத்து ஒரு கார் விளம்பரம் வந்தது, உச்சிக்குப் போய்விட்டது.

அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. கேட்டவர் கேட்டார், மீட்டருக்குக் கேட்கவில்லை. பணம் இருந்த நிலையம் பெட்டி வாங்கி அதைச் சரிக்கட்டியது, இல்லாத நிலையம் அப்படியே கிடந்தது. 2015 கடைசியில் நீல்சன் குறியீட்டையே வலுப்படுத்தி எல்லா நிலையங்களுக்கும் கொடுத்தது. அது நியாயமான முடிவு என்பேன். ஆனால் பழகிய காதுக்குப் பேச்சின் பின்னால் ஒரு சலசலப்பு கேட்க ஆரம்பித்தது. இந்தத் தொழிலில் பலரும் இதைச் சொன்னார்கள்.

சிகாகோவில் ஸ்மூத் ஜாஸ் என்ற மென்மையான இசையை ஒலிபரப்பி வந்த டபிள்யூஎன்யுஏ நிலையம் 2009 மே மாதம் அந்த இசையைக் கைவிட்டது. பெருநகரங்களில் அந்த இசைக்கென்று இருந்த நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போன காலம் அது. பிபிஎம்தான் காரணம் என்று சொல்வோர் உண்டு. பொருளாதாரச் சரிவும் அப்போதுதான் வந்தது, ஆகவே பழி முழுவதையும் மீட்டர்மேல் போட மாட்டேன். மீட்டருக்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நியூஜெர்சி விற்பனைக்காரன்

சார், பொறியாளர் பக்கத்தைச் சொன்னீர்கள், நான் விற்பனைப் பக்கத்தைச் சொல்கிறேன். 2008-ல் நியூயார்க் பகுதியில் ஸ்பானிய மொழி நிலையம் ஒன்றுக்கு விளம்பர நேரம் விற்றுக்கொண்டிருந்தேன். அந்த அக்டோபரில்தான் நியூயார்க்கில் பிபிஎம் எண்களே விலை பேசும் எண்களாயின. கறுப்பின மக்களுக்கும் ஸ்பானிய மொழியினருக்குமான நிலையங்களின் எண்கள் பலமாக இறங்கின. மீட்டர் எடுத்துச் செல்லும் குழுவில் அந்தச் சமூகத்து இளைஞர்களும், வீட்டுத் தொலைபேசி இல்லாமல் செல்போன் மட்டும் வைத்திருந்தவர்களும் போதுமான அளவு இல்லை என்பது எங்கள் தரப்பு வாதம். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ குவோமோ ஆர்பிட்ரான்மேல் வழக்குத் தொடர்ந்தார், நியூஜெர்சியும் தொடர்ந்தது. 2009 ஜனவரியில் சமரசம் ஆனது. செல்போன் மட்டும் உள்ள வீடுகளைக் குழுவில் கூடுதலாகச் சேர்ப்பதும் அதில் ஒரு நிபந்தனை.

சமரசம் வரும்வரை நாங்கள் எப்படிப் பிழைத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு மரச்சாமான் கடைக்காரர், எங்கள் நிலையத்தில் விளம்பரம் கொடுத்துத்தான் கடையையே வளர்த்தவர். என் கையில் இருந்த புதுத் தாளைப் பார்த்தார். "சனிக்கிழமை கடைக்கு வருகிறவர்கள் உங்கள் நிலையத்தைத்தானே சொல்கிறார்கள், அப்புறம் இது என்ன எண்?" என்று கேட்டார். அவர் விளம்பரத்தை நிறுத்தவில்லை. விளம்பர ஏஜென்சி வழியாக வந்த பெரிய நிறுவனங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை, விலையைக் குறைத்தார்கள். எங்களோடு வேலை பார்த்த அறிவிப்பாளர்கள் சிலர் அந்த வருடமே வீட்டுக்குப் போனார்கள்.

குழு சிறியதாக இருந்தால் ஒரு வீடு மீட்டரை மேசையில் வைத்துவிட்டுப் போனதற்கே எண் ஆடும். பெரிய நிலையத்துக்கு அது தெரியாது. சிறிய சமூகத்தின் நிலையத்துக்கு அது சம்பளப் பிரச்சினை.

ஹூஸ்டன் அம்மா

எங்கள் குடும்பம் அந்தக் குழுவில் இருந்திருக்கிறது. இப்போது இல்லை, அதனால் தயங்காமல் எழுதுகிறேன். வானொலியில் வேலை பார்ப்பவர் வீட்டில் இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுவார்கள். இருந்தால் சேர்க்க மாட்டார்கள். ஆறு வயதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு மீட்டர். காலையில் எடுத்து மாட்ட வேண்டும், ராத்திரி அதன் தாங்கியில் வைக்க வேண்டும். அசைவு இருக்கிறதா என்றும் அது பார்க்கும் என்பதால், சும்மா மேசையில் போட்டுவிட்டுக் கணக்குக் காட்ட முடியாது. ஒழுங்காக எடுத்துச் சென்றால் புள்ளிகள் கிடைக்கும். எங்கள் சின்னவன் அந்தப் புள்ளிகளுக்காகவே குளித்துவிட்டு வந்ததும் மாட்டிக்கொள்வான்.

சிரமம் எனக்குத்தான். சல்வாரில் பெல்ட் கிடையாது, புடவையில் சொல்லவே வேண்டாம். கைப்பைக்குள் போட்டுவிடுவேன். பைக்குள் இருக்கும் மைக்குக்கு எவ்வளவு கேட்டிருக்குமோ! இப்போது வளையம், பதக்கம், கிளிப் என்று விதவிதமாக அணியும் மீட்டர்கள் வந்துவிட்டதாகப் படித்தேன். முன்பே வந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் கேட்டதெல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் எப்போதும் ஏதோ ஒரு நிலையம் ஓடும். எனக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. மீட்டர் அதை எழுதிக்கொண்டது. ஆனால் சமைக்கும்போது நான் ஆசையாகக் கேட்பது நண்பர்கள் சிலர் இணையத்தில் நடத்தும் தமிழ் நிகழ்ச்சி. அதில் குறியீடு கிடையாது, ஆகவே மீட்டரைப் பொறுத்தவரை என் சமையலறையில் அமைதி. பொறியாளர் அண்ணா, ஒரு சந்தேகம்: நடைப்பயிற்சியில் இயர்போன் போட்டு உள்ளூர் நிலையத்தைப் போனில் கேட்பேனே, அது கணக்கில் வந்திருக்குமா?

சூரிச்சிலிருந்து

வணக்கம். சுவிஸ் அனுபவத்தையும் எழுதலாம் என்று நினைக்கிறேன். மின்னணுக் கருவியால் நாடு முழுக்க வானொலி நேயர்களை அளக்கத் தொடங்கிய முதல் நாடு இதுதான், 2001-ல். இங்கே தந்தது கைமணிக்கூடு. பார்க்கச் சாதாரண மணிக்கூடு மாதிரித்தான் இருக்கும். நிமிசத்துக்கு நாலு செக்கன் சுற்றியுள்ள சத்தத்தை எடுத்துச் சுருக்கி வைக்கும். வானொலி நிலையங்களின் ஒலியை வேறோர் இடத்தில் முழுதாகப் பதிந்து வைத்திருப்பார்கள், பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். நிலையம் குறியீடு எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆக்கள். மணிக்கூடு நாங்கள் கதைக்கிறதையெல்லாம் பதியுமோ என்று அம்மா பயந்தே போனா. போரால் வந்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கும்தானே. சுருக்கின பதிவிலிருந்து பேச்சைத் திரும்ப எடுக்க ஏலாது என்று எழுத்திலை இருந்ததை நான் வாசித்துக் காட்டினேன். ஆனாலும் வீட்டில் தொலைபேசி வந்தால் அவ மணிக்கூடு கட்டியிருக்கிற என் கையைத்தான் பார்ப்பா. இந்தப் பயத்தையும் அளவீடு செய்பவர்கள் கணக்கில் எடுக்க வேணும். எங்களைப் போன்ற குடும்பங்கள் சம்மதிக்காவிட்டால், எங்கள் கேட்பும் நாட்டின் கணக்கில் இராது.

அண்ணை சொன்ன மெல்லிய குரல் பிரச்சினை இந்த முறையில் வேறு மாதிரி வரும். மணிக்கூட்டைக் குளிர்காலத்தில் தடித்த கோட்டுக் கைக்குள் மூடினால் எல்லாக் குரலும் மங்கும். பணக்கார நிலையம், ஏழை நிலையம் என்ற பேதமாவது அதில் இல்லை.

லண்டன் வாசகர்

சுருக்கமாக ஒன்று. இங்கே டாக்ஸ்போர்ட் நிலையத்தை நடத்திய கெல்வின் மெக்கன்சி, டைரியை விட்டு மின்னணு முறைக்கு மாற வேண்டும் என்று, வானொலி நேயர்களைக் கணக்கெடுக்கும் ரஜார் அமைப்பின்மேல் வழக்கே போட்டார். 2004-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு கொரோனா வந்து வீடு வீடாகப் போக முடியாமல் கணக்கெடுப்பே நின்றது. 2021-ல் திரும்பத் தொடங்கியபோது டைரியோடு, சுற்றியுள்ள ஒலியைத் தானே பிடித்துக்கொள்ளும் மீடியாசெல் என்ற போன் செயலியையும் (ஆய்வு நிறுவனமான இப்சோஸ் தயாரித்தது) சேர்த்தார்கள். நான் டைரி எழுதியவன். காலையில் எந்த நிலையம் என்பது விரலிலேயே வந்துவிடும், மதியம் கடையில் ஓடியது எதுவென்று யோசிக்க வேண்டியிருக்கும். வழக்கமும் விருப்பமும் டைரியில் நன்றாகத் தெரியும், தற்செயலாகக் காதில் விழுந்தது செயலியில் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டது நல்ல ஏற்பாடு.

பிலடெல்பியா பொறியாளர்

ஹூஸ்டன் அம்மாவுக்கு: மீட்டரின் மைக்குக்கு இயர்போன் சத்தம் கேட்காது. நீங்கள் குழுவில் இருந்தது 2020-க்கு முன்பு என்றால், அந்த நடைப்பயிற்சி பெரும்பாலும் கணக்கில் வந்திருக்காது. 2020 அக்டோபரிலிருந்து நீல்சன் இயர்போனில் கேட்பதற்காக ஒரு மதிப்பீட்டைக் கணக்கிட்டுச் சேர்க்கிறது. அப்போதும் உங்கள் காதில் விழுந்ததை யாரும் நேரடியாக அளக்கவில்லை, உங்களைப் போன்றவர்கள் இவ்வளவு கேட்டிருப்பார்கள் என்று கூட்டுகிறார்கள்.

சூரிச் தம்பி சொன்ன பயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். எங்கள் தொழிலில் குறியீட்டின் தெளிவைப் பற்றி வருடக்கணக்கில் சண்டை போட்டோம். கதவைத் திறக்கத் தயங்கும் வீட்டைப் பற்றிப் பேசியது குறைவு. நியூஜெர்சி நண்பர் சொன்னதும் அதேதான். மூன்று நிமிட விதியால் எண் ஏறுகிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், எனக்கும் அது நல்ல விதியாகத்தான் படுகிறது. பேருந்தில் ஏறி இறங்குவதற்குள் ஒரு செய்தி கேட்டவரும் நேயர்தான். ஆனால் விதியைத் தளர்த்தினால் குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களின் கேட்பு மட்டும்தான் கூடும். குழுவுக்கு வெளியே நிற்கும் வீடு வெளியேதான் நிற்கும்.

இப்போது நிலையங்களில் வேலை பார்ப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2025 ஜனவரிக்குப் பிறகு உங்கள் மணிநேர அட்டவணையில் என்ன மாறியது? எங்களிடம் விளம்பர இடைவேளையை எங்கே வைப்பது என்ற பேச்சு மறுபடி ஆரம்பித்துவிட்டது. நீண்ட உரையாடலைத் துண்டு துண்டாக வெட்டலாமா என்றும் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று நிமிடம் போதும் என்று ஆகிவிட்டதால், எண்ணுக்குப் பயந்து குறைத்த பேச்சு நேரத்தைத் திரும்பக் கொண்டுவர இடம் இருக்கிறது என்பது என் வாதம். விதி மாறிய பிறகு வந்த எண்களை 2024 எண்களோடு ஒரே வரைபடத்தில் போடாதீர்கள் என்றும் விற்பனைப் பிரிவில் சொல்லியிருக்கிறேன். உங்கள் நிலையத்தில் யாராவது பேச்சு நேரத்தைக் கூட்டிப் பார்த்திருந்தால், எண் எப்படி வந்தது என்று எழுதுங்கள். அடுத்த அட்டவணைக் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போகிறேன்.