முடி உதிர்வு மாத்திரையும் மனச்சோர்வும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 27 வயது. முடி கொட்டுகிறது என்று ஏழு மாதமாக ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மாத்திரை சாப்பிட்டு வந்தான். மூன்றாவது மாதத்திலிருந்தே ஆள் மாறிவிட்டான். குளிக்கும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி பாடுகிறவன், இப்போது சோற்றைப் பிசைந்த கையோடு பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். இரவில் தூக்கமே இல்லை. எழுதிக் கொடுத்த மருத்துவர், "இதுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை, தேடிப் படித்தேன். இந்த மருந்து 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. அந்த நொதி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, முடி கொட்டக் காரணமான டிஎச்டி என்ற ஹார்மோனாக மாற்றுவதோடு நிற்பதில்லை. உடலில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனிலிருந்து அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள் உருவாகவும் அந்த நொதி வேண்டும். மூளையில் காபா ஏற்பிகள் (நரம்புகளின் வேகத்தைக் குறைக்கிற பூட்டுகள் மாதிரி) வழியாகப் பதற்றத்தைத் தணிக்கிற பொருள் அது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரெக்சனோலோன் என்ற மருந்தும் இதே பொருள்தான்! ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் தற்கொலை எண்ணத்தை ஃபினாஸ்டிரைடின் பக்கவிளைவாக உறுதிசெய்திருக்கிறது. எல்லோருக்கும் வருவதில்லை, சரி. ஆனால் சம்பந்தமே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நேற்று மாத்திரையை நிறுத்திவிட்டான். நாளை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன். அதுவரை அவனைத் தனியே விடப்போவதில்லை. இதே அனுபவம் உள்ளவர்களே, நிறுத்திய பிறகு தூக்கம் திரும்ப எத்தனை நாளானது? மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? அப்புறம், மதுரைப் பக்கம் இதைப் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்கிற தோல் மருத்துவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.