யூஏபி-க்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

இ.ம., சென்னை:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரி அறிவியல் இதழுக்காக, நாசாவின் ஆய்வுக்குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்திருக்கிறேன். டேவிட் ஸ்பெர்கல் தலைமையில் 16 பேர் உட்கார்ந்து எழுதிய அறிக்கை அது. எல்லாம் முடிந்துவிட்டது, தலைப்பைத் தவிர. யூஏபி (UAP), அதாவது வானில் காணப்பட்டும் இன்னதென்று அடையாளம் தெரியாதவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம், கட்டுரையில் 61 இடங்களில் வருகிறது. அங்கெல்லாம் இப்போதைக்கு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறேன். வானத்தைப் பற்றிய கட்டுரைக்குப் பொருத்தம்தான், அச்சகத்தார் ஒப்பமாட்டார்கள்.

'பறக்கும் தட்டு' என்றே போடும்படி ஆசிரியர் குழு சொல்கிறது. கேலிக்கு அஞ்சி விமானிகள் கண்டதைச் சொல்லாமல் விடுவதால் தரவு கிடைக்காமல் போகிறது என்று கவலைப்படுகிறது அறிக்கை. அந்தக் கேலியை நாமே தலைப்பில் ஏற்றுவதா?

இன்னொரு தொல்லை. நடுவிலுள்ள 'ஏ' முதலில் 'ஏரியல்', அதாவது வான்வழியைக் குறித்தது. 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் அதை 'அனாமலஸ்', அதாவது 'இயல்புக்கு மாறான' என்று மாற்றிவிட்டது. விண்வெளியிலும் கடலிலும் காண்பவையும் அடங்க வேண்டுமாம். எழுத்தைத் தொடாமல் பொருளை மாற்றிவிட்டார்கள். தமிழில் அந்த வித்தை பலிக்காது.

பொ., கோவை:

அடையாளம் தெரியாத வான்பொருள். செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் புரியும். முடிந்தது.

ச., யாழ்ப்பாணம்:

முடியவில்லை ஐயா. அது பொருள்தான் என்று யார் கண்டது? 2021-இல் அமெரிக்கத் தேசிய உளவுத்துறை இயக்குநர் அலுவலகம் 144 அறிக்கைகளை ஆராய்ந்து, ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உறுதியாக விடை சொன்னது: காற்றுப் போய்க்கொண்டிருந்த பெரிய பலூன். மற்றவற்றில் எது திடப்பொருள், எது கருவிக் கோளாறு, எது வெறும் ஒளி? நோர்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1998 முதல் தானியங்கி நிலையம் வைத்து அளக்கிறார்களே, அங்கே தெரிவது ஒளிதான். அதைப் 'பொருள்' என்று எழுதினால் என் மாணவன் எடை கேட்பான்.

பிரெஞ்சு விண்வெளி நிறுவனம் 1977-இல் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியபோதே, பெயரில் பொருள் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டது. யூஏபி-யின் கடைசி எழுத்து குறிக்கும் 'ஃபினாமினன்' என்பதற்கு எங்கள் பாடநூல்களில் நல்ல சொல் உண்டு: தோற்றப்பாடு. ஆகவே 'இனங்காணாத வான் தோற்றப்பாடு'.

பொ., கோவை:

தோற்றப்பாடு என்றால் எங்கள் ஊரில் 'வெறும் தோற்றம், உண்மையில்லை' என்று எடுத்துக்கொள்வார்கள். பார்ப்பவர் நகர்வதால் பொருள் நகர்வதுபோல் தெரிவதை இடமாறு தோற்றம் என்று படித்தவர்கள்தானே நாங்கள்! அறிக்கையிலேயே அதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. கடலுக்கு மேலே ஏதோ அம்புபோல் பாய்வதாகக் கடற்படை விமானத்தின் படத்தில் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சுமார் 13,000 அடி உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 40 மைல் வேகத்தில் போயிருக்கிறது. காற்றடித்துப் போகிற வேகம். பாய்ந்தது, படம் எடுத்த விமானம். அது தோற்றம், சரி. எல்லாமே அப்படித்தான் என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதலாமா? 'நிகழ்வு' என்று வையுங்கள்.

ச., யாழ்ப்பாணம்:

'வான் நிகழ்வு' என்றால் அமைச்சர் கொடியசைக்கும் விமானக் காட்சி என்றல்லவா நினைப்பார்கள்?

புலவர், தஞ்சாவூர்:

அன்பர்களே, இத்தனை அலைச்சல் தேவையில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். அந்திப் பொழுதில் தொலைவில் ஒன்று நிற்கிறது. மரக்கட்டையா, மனிதனா என்று தெரியவில்லை. அப்போது 'அவன்' என்றும் சொல்லக் கூடாது, 'அது' என்றும் சொல்லக் கூடாது. 'உருபென மொழியினும்' என்பது நூற்பா. உரையாசிரியர்கள் காட்டும் தொடர்: 'குற்றிகொல்லோ மகன்கொல்லோ தோன்றுகின்ற உருபு'. இன்னதென்று துணியும் வரைக்கும் உருபு என்ற பொதுச்சொல்லோடு நிறுத்திக்கொள்! ஐயத்துக்குரிய உரு, 'ஐயுரு'. ஓர் ஐகாரம், இரண்டு குறில். இதைவிடச் சுருக்கமாக எவரும் தர முடியாது.

துணிந்த பிறகு 'மகன் அல்லன், குற்றி' என்று அன்மையை, அதாவது 'அல்ல' என்பதை, எங்கே சேர்ப்பது என்பதற்கும் அடுத்த நூற்பா இருக்கிறது. விசாரித்துத் துணிந்த பிறகே பெயரிடும் பிரெஞ்சு விண்வெளிப் பிரிவினர் அதைத்தான் செய்கிறார்கள்.

ந., திருச்சி (புதியவன்):

புறநானூற்றில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று வருகிறதே. ஓட்டுநர் இல்லாத ஊர்தி! அதையே வைத்துவிட்டால், அன்றே நமக்குத் தெரியும் என்று...

புலவர், தஞ்சாவூர்:

தம்பி, அது 27-ஆம் பாட்டு. புலவர் பாடும் புகழுடையோர் மறுமையில் ஏறிப்போகும் ஊர்தி அது. உறையூரில் ஆளில்லா விமானம் பறந்ததற்குச் சான்று தேடாதீர்கள். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள்.

பறக்கும் தட்டு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1947 ஜூனில் ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்களைக் கண்ட கென்னத் அர்னால்டு, தண்ணீர்மேல் விட்டெறிந்த தட்டுப்போல அவை துள்ளித் துள்ளிப் போயின என்றார். அவர் சொன்னது நடையை. செய்தித்தாள்கள் அதை வடிவமாக்கிவிட்டன. நன்னூலார் சூத்திர நிலைகளில், தவளைபோல் இடைவிட்டுத் தாவுவதைத் 'தவளைப் பாய்த்து' என்பாரே, அதேதான். அன்று ஒரு தமிழ் நிருபர் இருந்திருந்தால் உலகம் இன்று 'பறக்கும் தவளை' என்று பேசிக்கொண்டிருக்கும்.

பொ., கோவை:

தவளையை விடுங்கள். ஐயுரு என்றால் ஐந்து உருவா, அழகிய உருவா? 'ஐ' என்றால் அழகு என்று போன மாதம் நீங்கள்தானே நான்கு பக்கம் எழுதினீர்கள்? ஐயம் என்றால் பிச்சை என்று ஒருவர் கிளம்பி வருவார்.

இ.ம., சென்னை:

ஐயா, உருபு பற்றிய பகுதியை மூன்று முறை படித்தேன். ஆனால் 'ஐயுரு' என்று தலைப்பு வைத்தால் வேற்றுமை உருபு பற்றிய கட்டுரை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மன்னியுங்கள்.

வேறொன்று கேட்கிறேன். பிரெஞ்சுப் பிரிவு தனக்கு வருவனவற்றை நான்காகப் பிரிக்கிறது: ஏ என்றால் தெளிவாகப் புரிந்தது, பி என்றால் அனேகமாகப் புரிந்தது, சி என்றால் தகவல் போதாததால் முடிவு சொல்ல முடியாதது, டி என்றால் விசாரித்த பின்னும் விளங்காதது. கடைசி இரண்டுக்கும் 'இனங்காணாத' என்றே எழுதினால் கட்டுரையின் உயிர் போய்விடும்.

ச., யாழ்ப்பாணம்:

இதற்காகத்தான் நான் இவ்வளவு நேரம் வாதாடுகிறேன், தங்கச்சி. விளங்காமை பார்ப்பவரிடம் இருக்கிறது, வானில் இருப்பதிடம் இல்லை. போன மாதம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இரவில் மொட்டைமாடியிலிருந்து ஒளிப்புள்ளிகள் ரயில் பெட்டிபோல் ஒரே வரிசையில் போகக் கண்டதாகச் சொன்னாள். 'பறக்கும் தட்டு' என்று வகுப்பே சிரித்தது. அவள் கொப்பியில் நேரம், திசை, எத்தனை புள்ளி என்று எல்லாம் குறித்திருந்தாள். இருபத்திரண்டு வரை எண்ணி, கூரை மறைத்துவிட்டது என்றும் எழுதியிருந்தாள். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டோம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது என்றைக்கும் சி-தான். ஆகவே சி-க்குத் 'தரவு போதாதது', டி-க்கு 'விளங்காதது'. 'இனங்காணா' என்பது இரண்டுக்கும் பொதுவாக நிற்கட்டும்.

பொ., கோவை:

அந்தப் பெண் குறித்து வைத்தது பிடித்திருக்கிறது. தோற்றப்பாட்டுக்கு என் எதிர்ப்பைத் திரும்பப் பெறவில்லை, களைத்துவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்த 'இயல்புக்கு மாறான' என்பதற்காகப் 'பிறழ்' என்று எதையாவது சேர்த்தால் மீண்டும் வருவேன். எது இயல்பு என்று தெரியாமல் எது பிறழ்வு என்பது?

இ.ம., சென்னை:

எண்ணிப் பார்த்தேன். 'இனங்காணா வான் தோற்றப்பாடு' ஐந்து பேர், 'நிகழ்வு' இருவர், ஐயுரு ஒருவர். முதல் இடத்தில் முழுப்பெயர், பிறகு 'வான் தோற்றப்பாடு'. கடலில் காண்பனவற்றுக்கு 'வான்' பொருந்தாதே என்று இனி யாரும் கேட்காதீர்கள், எனக்கும் தெரியும். தலைப்பு: 'வானில் இனங்காணாதவை'. பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்கிவிட்டது.

புலவர், தஞ்சாவூர்:

எண்ணிக்கையை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை. வான் தோய் என்பதை வான்றோய் என்று புணர்த்தது மரபு. அப்படியானால் இது வான்றோற்றப்பாடு. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புணர்த்தி எழுதத் துணிவில்லாத சொல்லைக் கலைச்சொல் என்று ஏன் அச்சிடுகிறீர்கள்?

இ.ம., சென்னை:

ஐயா, பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. இடைவெளி விட்டுத்தான்.